ஓடில் திருப்பி வைக்காத கடிகாரம்

மெய்ன் மாநிலத்தின் வடக்கு விளிம்பில் செயின்ட் ஜான் ஆறு ஓடுகிறது. இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை கனடா. ஆற்றைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். இந்தக் கரையில் பிறந்து, இந்தக் கரையிலேயே அறுபது வயதைத் தொட்டவள் ஓடில் பெல்டியே.

பத்துப் பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவள். உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விடுகிற ஊர் அது. பதினாறு வயதில், ஒரு அக்டோபர் மாதத்துக் குளிரில், கூடையைத் தூக்க முடியாமல் அவள் வயலில் நின்றபோது எதிர்வரிசையிலிருந்து ஒருவன் வந்து தூக்கிக் கொடுத்தான். அவன்தான் ஆல்சீட். மூன்று வருடம் கழித்து அவனையே கட்டிக்கொண்டாள். அவன் காகித ஆலையின் மர முற்றத்தில் வேலை பார்த்தான். மகன் டாரல் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் அவளும் அதே ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்தாள். காலை ஏழரை முதல் மாலை நாலு வரை. முப்பத்தொரு வருடம் போனது தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால்தான் ஆல்சீட் ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தான். முதலில் சாவி. பிறகு தெருப் பெயர். பிறகு, செத்துப்போன தன் அண்ணன் செத்துப்போனதையே மறந்தான். பகலில் அவனோடு தொந்தரவு இல்லை. பொழுது சாயும்போதுதான் ஆரம்பிக்கும். மேற்கே மலையின்மேல் வெளிச்சம் சிவந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான்.

"ஷிஃப்டுக்கு நேரமாச்சு. என் சாப்பாட்டு டப்பா எங்கடி?"

டாக்டர் அதற்கு ஏதோ பெயர் சொன்னார். ஓடில் அதை 'அந்த நேரம்' என்றுதான் சொல்வாள். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் இருந்தால் போதும். பக்வீட் தானிய மாவைக் கிண்ணத்தில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கரண்டியை அவன் கையில் கொடுத்துவிடுவாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ப்ளோய் என்கிற அந்த ஊர்த் தோசை சுட மாவு கலக்க வேண்டும். எல்லாவற்றையும் மறந்த அவன் கை, மாவு கலக்குவதை மட்டும் மறக்கவில்லை. அவன் கலக்கி முடிப்பதற்குள் வெளியே முழுதாக இருட்டிவிடும். இருட்டியபின் அமைதியாகிவிடுவான். அவ்வளவுதான் வைத்தியம்.

செப்டம்பரில் ஒருநாள் அவள் ஆலையிலிருந்து வரத் தாமதமாகி, அவன் கல்லறைத் தோட்டம் வரை நடந்துபோய்விட்டான். கனெக்டிகட்டிலிருந்து டாரல் போன் செய்தான்.

"அம்மா, இன்னொரு தடவ இப்படி நடந்தா அப்பாவ முதியோர் ஹோம்ல சேத்துடணும். எனக்கு வாக்குக் குடு."

"நடக்காதுடா."

"நடந்தா?"

"நடந்தா சேத்துடறேன். போதுமா?"

வாக்குக் கொடுத்த நாளிலிருந்து அவள் நவம்பரை நினைத்து நடுங்கினாள். மார்ச்சில் முன்னால் தள்ளிய கடிகாரத்தை நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதுவரை ஐந்தேகாலுக்கு மறைந்த சூரியன், அன்றிலிருந்து நாலேகாலுக்கே மறைந்துவிடும். அவள் வீட்டுக்கு வந்து சேரும் நேரமோ நாலு நாற்பது. சூரியன் அவளுக்காகக் காத்திருக்குமா?

ஆலையில் மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். "ஆறரைக்கே வந்துடறேன். மூணு மணிக்கு விட்டுடுங்க. மார்ச் வரைக்கும்தான்."

"உனக்கு மாத்தினா நாளைக்கு முப்பது பேர் வந்து நிப்பாங்க, ஓடில். எல்லார் வீட்லயும் சாயங்காலம் இருட்டத்தான் செய்யுது," என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை அவளைச் சுட்டது.

பகலில் ஆல்சீட்டைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு லோரெட். அவள் நாலரைக்குக் கிளம்புவாள், பத்து நிமிடத்தில் ஓடில் வந்துவிடுவாள். "நான் வேணா இருட்டுற வரைக்கும் இருக்கேன்டி," என்று லோரெட் சொல்லியும் பார்த்தாள். ஆனால் அந்த நேரத்தில் ஆல்சீட் லோரெட்டைக் கண்டால் 'திருடி, திருடி' என்று கத்துவான். ஒருமுறை நாற்காலியைத் தூக்கினான். அவனுக்கு அப்போது ஓடில் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓடில் ஒவ்வொரு அறையாகப் போய்க் கடிகாரங்களைத் திருப்பினாள். கடைசியில் சமையலறைக்கு வந்தாள். முக்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தில் கைவைத்தாள். ஆல்சீட் கீழே உட்கார்ந்து அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஐந்து மணி ஆனால் ஓடில் வீட்டில் இருப்பாள் என்பது மட்டும் அவனுக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் கையை எடுத்துவிட்டாள். "இந்த ஒண்ணு அப்படியே இருக்கட்டும். ஊரே திருப்பிக்கட்டும்," என்று முணுமுணுத்தபடி இறங்கினாள். அது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அந்த ஒரு கடிகாரத்தையாவது யாரும் தன்னிடமிருந்து பிடுங்கவில்லை என்று ஒரு ஆறுதல். லோரெட்டிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். திங்கட்கிழமை காலை அவசரத்தில் மறந்தாள்.

அந்தக் கரையோர வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கைபேசியை யாரும் நம்ப மாட்டார்கள். ஆற்றுக்கு அப்பாலுள்ள கைபேசிக் கோபுரம் சிக்னலை இழுத்துக்கொண்டால் அது கனடா நேரத்தைக் காட்டும். அதனால் கைபேசியில் மணி பார்த்ததும் தலை தானாகச் சமையலறைச் சுவருக்குத் திரும்பும். சுவர் சொல்வதுதான் முடிவு.

திங்கட்கிழமை லோரெட்டின் கைபேசி நாலரை காட்டியது. அது கனடாவின் நாலரை. அவள் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தாள். சுவரும் நாலரை என்றது. ஜன்னலைப் பார்த்தாள். போன வெள்ளிக்கிழமை கிளம்பியபோது இருந்த அதே வெளிச்சம், அதே உயரத்தில் சூரியன். பின் என்ன சந்தேகம் வரும்? "ஓடில் இப்ப வந்துடுவா, ஆல்சீட். எழுந்துக்கக் கூடாது, என்ன?" என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கார் ஏறிவிட்டாள்.

உண்மையில் அப்போது மணி மூன்றரை.

ஓடில் வீடு வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. வெளியே மழையும் பனியுமாகக் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய பூட்ஸ் வாசலிலேயே இருந்தது. சாப்பாட்டு டப்பாவைக் காணோம்.

"ஆல்சீட்!"

அறை அறையாகத் தேடினாள். லோரெட்டை அழைத்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? அவர விட்டுட்டு எங்க போன?"

"என்னடி கத்துற? நாலரைக்குத்தானே கெளம்பினேன்."

"பொய் சொல்லாத! இப்பத்தான் நாலு நாப்பது. வீடு ஐஸா கெடக்கு, கதவு எப்பலேர்ந்து தொறந்திருக்கோ!"

"மாதா சத்தியமா நாலரைடி! என் போனையா நம்பினேன்? உன் சமையலறைக் கடிகாரத்தப் பாத்துட்டுத்தானே கெளம்பினேன்!"

ஓடில் மெல்லத் திரும்பினாள். இருட்டில் கடிகாரத்தின் வெள்ளை முகம் மட்டும் தெரிந்தது. ஐந்து நாற்பது. அவள் காப்பாற்றி வைத்த ஒரு மணி நேரம்.

"ஓடில்? லைன்ல இருக்கியா? ஓடில்!"

அவள் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

தீயணைப்புத் தொண்டர்கள் டார்ச் விளக்குகளோடு ஆற்றங்கரைக்குத்தான் முதலில் போனார்கள். ஏன் ஆற்றங்கரை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஓடில் சேற்றில் இரண்டு முறை விழுந்து எழுந்தாள். 'தெய்வமே, நான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்' என்று அவள் உதடு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டும் எர்வே நாதோ. பந்தாட்டம் முடிந்த பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, நெடுஞ்சாலை ஓரத்தில் பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கும் மரக்கொட்டகையில், வீட்டுச் செருப்போடு, மடியில் டப்பாவோடு ஆல்சீட் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஆலை வண்டி ஏன் இவ்ளோ லேட்டுன்னு என்னைத்தான் திட்டினார்," என்றார் எர்வே ஆஸ்பத்திரியில், தொப்பியைக் கையில் பிசைந்தபடி. "மன்னிச்சிக்கோ முதலாளி, இனிமே சீக்கிரம் வரேன்னு சொல்லி ஏத்திட்டு வந்தேன்."

ஆல்சீட் பிழைத்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று லோரெட் ஓடிலைத் தனியே இழுத்துப்போனாள்.

"டாரலுக்குச் சொல்லாத. எர்வேகிட்டயும் நான் பேசிட்டேன். யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. இனிமே கவனமா இருந்துட்டாப் போச்சு."

ஓடில் தலையை அசைத்தாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியாது.

மறுநாள் வியாழக்கிழமை பள்ளி அரங்கில் கூட்டம். மாநில சட்டமன்ற உறுப்பினர் மிஷோ அம்மாள் ஊர்க் கருத்தைக் கேட்க வந்திருந்தார். நவம்பரில் பின்னால் தள்ளாமல் வருடம் முழுக்கக் கோடை நேரத்தையே வைத்துக்கொள்வதா, அல்லது இப்போதுபோலவே மாற்றிக்கொண்டிருப்பதா என்பதுதான் கேள்வி. ஒரு மாதத்துக்கு முன்பே ஓடில் பேசுவதற்குப் பெயர் கொடுத்திருந்தாள். லோரெட்டின் மகளை வீட்டில் காவல் வைத்துவிட்டு வந்தாள்.

"வேலை முடிஞ்சு வெளிய வந்தா என் கார் எதுன்னே தெரியல," என்று ஆலைக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். "நேத்து அடுத்தவன் வண்டியத் தொறக்கப் போய் அடி வாங்கப் பாத்தேன்!"

"நீ பகல்லயே அப்படித்தானே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அரங்கம் சிரித்தது.

எர்வே எழுந்தார். "சிரிங்க. சாயங்கால வெளிச்சம் வேணும்னா காலைலேர்ந்துதான் எடுக்கணும். டிசம்பர்ல எட்டு மணிக்கு மேலதான் விடியும். ஏழு மணிக்கு ரோட்டோரம் நிக்கிறது உங்க புள்ளைங்க. கறுப்பு ஜாக்கெட் வேற போட்டு அனுப்புறீங்க. பிரேக்ல கால் வெக்கிறவன் நான். எனக்குத்தான் தெரியும் அந்தப் பயம்."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பெயர் ஓடில்.

எழுதிக் கொண்டுவந்த தாளை அவள் பிரித்தாள். படிக்கவில்லை. எர்வேயைப் பார்த்தாள்.

"சாயங்காலம் எனக்கு ஒரு மணி நேரம் வேணும்னு கேக்கத்தான் பேர் குடுத்தேன். என் புருஷனுக்காக. ஆனா..." தாளை மடித்தாள். "திங்கக்கெழம அவர் வெளிய போனது லோரெட் தப்புன்னு சில பேர் பேசிக்கறீங்க. அவ தப்பு இல்ல. நான்தான் சமையலறைக் கடிகாரத்தத் திருப்பாம விட்டேன். ஆசைப்பட்டு விட்டேன். நம்ம ஊர்ல அதப் பாத்துத்தானே எல்லாரும் நடக்கறோம்? அவளும் அப்படித்தான் நடந்தா."

"அதனால உங்க கருத்து என்னம்மா? கோடை நேரமா, இல்ல இப்ப இருக்கற மாதிரியேவா?" என்று மிஷோ அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியலம்மா," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். லோரெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கை தூக்கச் சொன்னார்கள். கோடை நேரத்துக்கு நாற்பத்தொன்று, எதிராக முப்பத்தாறு. ஓடில் இரண்டுக்கும் தூக்கவில்லை. இது மாநிலத் தலைநகருக்குப் போய், அங்கிருந்து வாஷிங்டனுக்குப் போய்த்தான் முடிவாகும், எத்தனை வருடம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் மிஷோ அம்மாள்.

ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னபின் மகனிடம் மட்டும் மறைப்பதா? அரங்கத்து வாசலிலேயே நின்று டாரலை அழைத்தாள். அவன் திட்டவில்லை. "நான் வரேம்மா," என்று மட்டும் சொன்னான். அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நவம்பர் கடைசியில் ஆல்சீட்டை ஹோமில் சேர்த்தார்கள். அங்கே மூன்று மணிக்கே திரைச்சீலைகளை இழுத்துவிட்டு எல்லா விளக்குகளையும் போட்டுவிடுவார்கள். பொழுது சாய்வதை உள்ளே இருப்பவர்கள் பார்ப்பதே இல்லை.

முதல் நாள் ஆலை விட்டதும் ஓடில் பறந்துகொண்டு போனாள். கத்திக்கொண்டிருப்பான், தன்னைத் தேடிக்கொண்டிருப்பான் என்று வழியெல்லாம் பதறினாள். ஆனால் அவன் விளக்கடியில் சாந்தமாக உட்கார்ந்து, ஒரு துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். 'அந்த நேரம்' வந்ததும் தெரியாமல், போனதும் தெரியாமல் கழிந்திருந்தது. ஒரு நாள்கூடத் தொந்தரவு இல்லை என்று தாதி அடுத்த வாரமும் சொன்னாள், அதற்கடுத்த வாரமும் சொன்னாள்.

அதைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தான்தான் அவனுக்கு மருந்து என்று மூன்று வருடமாக நம்பியிருந்தவள், காருக்குள் உட்கார்ந்து கதறினாள்.

டிசம்பரில் ஒருநாள் அவள் வழக்கம்போல அவன் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆல்சீட் அவளை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். முகத்தில் ஒரு கனிவு வந்தது. வயலில் கூடையைத் தூக்கிக் கொடுத்தவனின் அதே கனிவு.

"ரொம்ப நேரமா இருக்கீங்களேம்மா," என்றான். "வீட்ல உங்களுக்காக யாராச்சும் காத்துக்கிட்டு இருப்பாங்க. இருட்டறதுக்குள்ள கெளம்புங்க."

திரைக்கு அப்பால் இருட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"சரிங்க," என்றாள் ஓடில். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் போட்டாள்.