முனியப்பன் பேரில் வந்த பைக் கடன்

முனியப்பனை நம்பும் எல்லாருக்கும் ஓசூர் முனிராஜ் எழுதுகிறேன். போன ஆடியில் என் உயிர் பாதி போய்த் திரும்பியது.

காண்ட்ராக்டில் வேலை செய்த கம்பெனியில் எங்கள் லைனையே மூடிவிட்டார்கள். ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்ற ஒரு பழைய டெம்போ பேசி, முன்பணமும் கொடுத்தேன். மீதிக்கு லோன். என் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்த பேங்க் மேனேஜர், "ஆனேக்கல்ல பைக் லோன் வாங்கிக் கட்டாம விட்டிருக்கீங்களே?" என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருக்கும் ஆனேக்கலில் நான் டீ குடித்தால்கூடக் காசு வைத்துவிட்டுத்தான் வருவேன்.

எங்கள் பக்கம் முனியப்பனிடம் வேண்டிப் பிறந்த பிள்ளைக்கு முனிராஜ் என்றுதான் பேர். திருவிழாவில் "முனிராஜு!" என்று கூப்பிட்டால் பாதிக் கூட்டம் திரும்பும். அதில் எவனோ ஒருத்தன் கடன் என் தலையில்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். கோயிலுக்கு ஓடி, "உன் பேரை வெச்சதுக்கு இதான் பலனா?" என்று சாமியிடமே சண்டை. கிடா, மொட்டை எல்லாம் ஒரே மூச்சில் நேர்ந்துகொண்டேன். அதே வேகத்தில், ரிப்போர்ட் தயாரிக்கும் கம்பெனிக்குப் போனிலேயே புகாரும் போட்டேன். காரணம் கேட்ட இடத்தில் கண்ணில் பட்ட 'பாக்கித் தொகை தவறு' என்பதை அமுக்கிவிட்டு, கீழே என் சோகக் கதை முழுவதும் எழுதினேன்.

பதில் வந்தது: தொகை சரிதான்.

சரியாகத்தானே இருக்கும்! அவன் பாக்கி அவ்வளவுதான். ரிப்போர்ட் கம்பெனி தானாக எதையும் அழிக்காதாம். நாம் அமுக்கும் காரணத்தைக் கடன் கொடுத்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும். கேட்டதற்கு மட்டும் அவர்கள் பதில் சொல்வார்கள்.

என் மனைவி லட்சுமி சிரித்துவிட்டாள். "ஏங்க, கடனே நம்முது இல்லன்னு சொல்லாம கணக்கு தப்புன்னா சொன்னீங்க? சாமிகிட்டயும் இப்பிடித்தான் வேண்டினீங்களா?"

"கெடா வேற நேர்ந்துட்டேன்டி."

"அது கெடாவுக்குத் தெரியுமா?"

டெம்போக்காரர் தினமும் போன் செய்தார். "வேற பார்ட்டி நிக்குதுங்க. என்ன சொல்றீங்க?"

மறுபடி கோயிலுக்குப் போனேன். எதையும் நேரவில்லை. "முனியப்பா, பதறாம இருக்கணும். அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். சாமி முன்னால் நான் வாயை மூடியது அதுதான் முதல் தடவை. நெஞ்சு மெல்ல அடங்கியது.

வீட்டுக்கு வந்து, 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்பதைப் பார்த்து அமுக்கினேன். கடன் கொடுத்த கம்பெனிக்கும் பான் கார்டு நகலோடு தனியாக எழுதினேன். அவர்கள் லோன் பேப்பரைத் தேடி எடுத்தார்கள். போட்டோவில் இருந்தவன் வேறு ஆள். அவனுக்குத் தலை நிறைய முடி இருந்ததாம், எனக்கோ பாதி வழுக்கை. அந்தக் கடன் என் ரிப்போர்ட்டிலிருந்து நீங்கியது. லோன் வந்தது. டெம்போ இப்போது தினமும் மண்டிக்குப் போகிறது.

முனியப்பன் கம்ப்யூட்டரை அசைத்தார் என்று சொல்லமாட்டேன். என்னை அசையாமல் உட்கார வைத்தார். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எது பெரிய அதிசயம் என்று. இப்போதெல்லாம் அந்த இன்னொரு முனிராஜுக்கும் சேர்த்தே வேண்டுகிறேன். கட்ட முடியாமல் அவனும் எங்கோ தவித்துக்கொண்டிருப்பான்.

பயம் பிடித்து ஆட்டும்போது நீங்களும் அவர் முன்னால் போய் உட்காருங்கள். நாம் கத்தினாலும் அவர் கேட்பார். அவர் சொல்வதுதான் நமக்குக் கேட்காது.