வெளியே திறக்கும் கதவு

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். கொட்டாரம் என்ற ஊருக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் புயலில் விழுந்தபோது உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். மழை ஓய்ந்த பிறகு ஊரே கூலி வாங்காமல் அதை மறுபடி கட்டியது. மண்சுவருக்குப் பதில் கருங்கல் வைத்தோம், உத்திரங்களை இரும்புப் பட்டையால் இறுக்கினோம். நான் ஆசாரி, கதவு என் பொறுப்பு.

கதவை மாட்டிய அன்று, கல் சுமந்துகொண்டிருந்த செல்லம்மை வந்து நின்றாள். அந்தப் புயலில் மகளைப் பறிகொடுத்தவள்.

“ஆசாரியாரே, இது வெளிய தெறக்குற மாதிரி இருக்கணும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. “எந்த ஊருலயாவது வாசக்கதவு வெளிய தெறக்குமா? லெச்சுமி உள்ள வரண்டாமா?”

அவள் குரலை உயர்த்தவில்லை. “அண்ணைக்கு வெளிய நின்னு நான்தான் கதவத் தள்ளினேன். உள்ள பிள்ளைய எல்லாம் தப்பிக்க ஓடி வந்து கதவோட நெருக்கிட்டு நிக்குதுவ. ‘அம்மா, தள்ளாத’ன்னு எம்மவ கத்துனா. நான் இன்னும் பலமாத் தள்ளினேன். அதுக்குள்ள கூரை விழுந்துட்டு.”

கீலைக் கழற்றி, நிலையைச் செதுக்கி, கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாட்டினேன். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, “இழுத்துப் பாரு” என்றேன்.

லேசாகத்தான் இழுத்தாள். கதவு உடனே திறந்துகொண்டது. உள்ளே ஒருவரும் இல்லை. அந்த வெற்று அறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் எத்தனையோ கதவு செய்துவிட்டேன். மாட்டி முடித்ததும் வீட்டுக்காரருக்குத் திறந்து காட்ட வேண்டும். அந்த நேரம் இன்றும் செல்லம்மை பார்த்து நின்ற வெற்று அறை கண்முன் வரும்; அவரையே திறந்து பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.