மாதா நீலத்தில் ஒரு ஆறு

நாங்கள் அனுப்பின படப் பாசல் கிடைத்த அன்றே கனடாவிலிருந்து வீடியோ கோல் வந்தது. நிரோஷா போனை மேசையில் சாத்தி வைத்தாள். நான் குசினிக் கதவுச் சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நிரோஷா தன்னாமுனையில் என் பக்கத்து வீட்டுப் பிள்ளை. கையால் கீறின படங்களை ஒன்லைன் கடையில் விற்கிறாள். போட்டோ எடுத்துப் பேஜில் போடுவது, ஓடர் எடுப்பது, பாசல் கட்டுவது எல்லாம் அவள். கீறுவது மட்டும் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மாதா கோயில் சொரூபச் சிலைகளுக்குப் பெயின்ற் பூசிப் பழகின கை. முதல் நாளே சொல்லிவிட்டேன்: "என்ட முகத்தைப் போடாத மகள். ஆரோடயும் கதைக்கவும் மாட்டன்."

கனடாக்காரர் எங்கள் ஊரில் பிறந்த வயசாளி. ஆற்றில் மீன் பிடித்தவர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். தன் பழைய தோணித்துறையைக் கீறித் தரச் சொல்லி, ஊரைவிட்டுப் போகுமுன் எடுத்த போட்டோ ஒன்றை அனுப்பியிருந்தார். மாரிகாலத்துப் போட்டோ. தண்ணீர் கலங்கி மண்ணிறமாகக் கிடந்தது. திருநாளுக்குச் சொரூபம் பூசும்போது மெழுகுதிரிப் புகை படிந்த இடத்தை அப்படியேவா விடுவோம்? புதுசாக்கித்தான் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில் தண்ணீரை நல்ல நீலமாக்கினேன். கரையில் சரிந்து நின்ற கண்டல் மரம் படத்தின் வடிவைக் கெடுக்கிறது என்று கீறாமல் விட்டுவிட்டேன்.

"புள்ள, இது மாதாட முக்காட்டு நீலம்," என்று போனில் அவர் சிரித்தார். "மாரியில எங்கட ஆறு தேத்தண்ணிக் கலர். கீறினது கோயில் ஆள் போல?"

"ஓம் ஐயா. சொரூபத்துக்குப் பூசுற மாமி."

"அதானே பார்த்தன். நல்ல காலம், தண்ணிக்கு மேல நட்சத்திரம் ஒட்டல்ல."

நிரோஷாவும் சிரித்தாள். பிறகு அவர் குரல் இறங்கியது.

"கரையில ஒரு கண்டல் நிண்டது. அதிலதான் என்ட தோணியைக் கட்டுவன். படத்தில காணல்ல. வெட்டிப்போட்டாங்களா?"

நிரோஷா துறைப் பக்கம் போகாத பிள்ளை. சீலைப் பக்கம் கிறுகிப் பார்த்தாள்.

"மாமிக்குத்தான் தெரியும் ஐயா."

"அவவை ஒருக்காக் கூப்பிடு."

நான் மாட்டேன் என்று கையை ஆட்டினேன்.

"மாமி வெளியில போயிட்டா ஐயா."

"பரவாயில்ல. வந்தாக் கேட்டுச் சொல்லு."

போனை வைத்ததும் கேட்டாள்: "மரம் நிக்குதா மாமி?"

"நிக்குது. நேற்றும் அதுக்குக் கீழதான் மீன் வாங்கினன்."

"அப்ப மெசேஜ் போடுறன்."

"வேணாம் மகள். மரத்தோட வேற படம் கீறி அனுப்புவம். அதைப் பார்த்து அறியட்டும்."

மரத்தை விட்டது நான்தான் என்று சொல்ல வெட்கம். படம் எனக்காகக் கதைக்கும் என்று நினைத்தேன். தேத்தண்ணி நிறத்தில் ஆறும் சரிந்த கண்டலும் கீறினேன். ஒயில் பெயின்ற் காய நாள் எடுத்தது. பாசல் போகவும் நாள் எடுத்தது.

மறுகா, பாசல் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் மகளின் மெசேஜ் வந்தது. நிரோஷா வாசித்தாள்: "அப்பா போயிட்டார். படம் பிறகுதான் வந்தது. அந்த மரம் நிக்குதா எண்டு ஆஸ்பத்திரியிலயும் கேட்டவர்."

வீட்டிலிருந்தே படம் விற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வாங்குகிறவர் அனுப்பின போட்டோவில் உள்ளதைக் கீறாமல் விடுவதென்றால் முதலில் அவரைக் கேளுங்கள். அவர் ஒன்று கேட்டால் வாயால் பதில் சொல்லுங்கள். நானும் இப்போது கோல் வந்தால் நிரோஷாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கூச்சம் போகவில்லை. இருக்கிறேன்.

மீன் வாங்கத்தான் அந்த மரத்தடிக்குப் போக மனம் வருவதில்லை. "ஓம் ஐயா, நிக்குது." அவ்வளவுதான் சொல்ல இருந்தது.