சின்ன ர

என் தம்பி இமாச்சல மலையில் காணாமல் போன செய்தி, எனக்குத் தெரிவதற்கு முன்பே அவனுடைய இணையக் குழுவுக்குத் தெரிந்துவிட்டது. மலை ஏறுகிற தமிழர்கள் கூடிப் பேசுகிற குழு அது. "நேற்றே இறங்கியிருக்க வேண்டும், பதில் இல்லை" என்று அங்கே யாரோ எழுதியபோது, நான் உத்திரமேரூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு வல்லினம் மிகும் இடங்களை நடத்திக்கொண்டிருந்தேன். நான் தமிழாசிரியை. இந்தக் கதையில் அது முக்கியம்.

தம்பி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். லீவையெல்லாம் சேர்த்து வைத்து வருஷத்துக்கு ஒரு மலைக்குப் போவான். தனியாகத்தான் போவான். "இங்க இல்லாதது எதுடா அங்க இருக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவேன். "ஒண்ணுமே இல்லக்கா, அதுக்குதான் போறேன்" என்பான். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா அடுத்தவர் கழனியில் நடவு நட்டு, களை எடுத்து எங்கள் இருவரையும் ஆளாக்கினாள். அவன் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் அவள் கழனிக்குப் போவதை நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குழுவை நடத்துகிறவள். "பயப்படாதீங்கக்கா, நாங்க எல்லாரும் இருக்கோம்ங்க" என்றாள். முகம் தெரியாத ஒருத்தி அப்படிச் சொன்னதற்கு எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் இருந்து என்ன, அவன் இல்லையே என்று நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் காலைக்குள் அவர்கள் செய்ததைப் பார்த்து வாயடைத்துப் போனேன். டெல்லியில் இருந்த ஒருவர் அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடாமல் போன் போட்டு ஆள் அனுப்ப வைத்தார். பெங்களூரில் ஒரு பையன் தம்பி கடைசியாக அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி, பாறை நிழல் விழுகிற பக்கத்தை வைத்து அவன் நின்ற இடத்தை மேப்பில் கண்டுபிடித்தான். அந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது என்றும் சொன்னான். இடது பாதை மேலே கணவாய்க்கு ஏறுகிறது, வலது பாதை சுற்றிக்கொண்டு போகிறது. அவன் தங்கியிருந்த வீட்டுக்காரரே வழிகாட்டியாகக் கிளம்பத் தயாராக இருந்தார். எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள் என்றார்.

குழுவில் வேடிக்கை பார்க்கிறவர்களும் இருந்தார்கள். ஒருவன் தம்பியின் ராசி நட்சத்திரம் கேட்டான். இன்னொருவன் அப்போதே ஆழ்ந்த இரங்கல் போட்டான். நேரில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன். இருந்தாலும் நாள் முழுக்க அந்தக் குழுவைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் தம்பியை உயிரோடு நினைத்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

அவன் எனக்குக் கடைசியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். போட்டோவுக்கு அரைமணி கழித்து வந்தது. பாதிக்கு மேல் காற்றின் இரைச்சல். "அக்கா, காத்து ஜாஸ்தியா கீது... ஏறி மேல போய்க்கினு கீறேன்... அப்பால எறங்கி போன் பண்றேன், அம்மாவாண்ட சொல்லிடு." அவ்வளவுதான். அதைக் குழுவில் போட்டேன். உங்கள் பக்கத்துப் பேச்சு எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை, எழுத்தில் எழுதித் தாருங்கள், அதை வைத்துத்தான் தேடப் போவார்கள் என்று கோயம்புத்தூர்ப் பெண் கேட்டாள். நான் உடனே எழுதினேன். தமிழிலும் எழுதி, இங்கிலீஷிலும் எழுதினேன். மலை ஏறி மேலே போய்க்கொண்டிருக்கிறேன், இறங்கியதும் போன் செய்கிறேன்.

அப்போது கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, அது ஏரியா, ஏறியா? எங்க ஊருல ரெண்டும் வேற வேற சத்தமாக்கும். உங்க பக்கம் ஒண்ணுபோல கேக்குது."

எனக்குச் சுருக்கென்றது. சின்ன ர, பெரிய ற என்று சொல்லாதே, இடையின ர, வல்லின ற என்று சொல் என்று பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிறவள் நான். என்னிடமே ஒருவர் ரகரப் பாடம் எடுக்கிறாரா? "நான் தமிழாசிரியை. அவன் என் தம்பி. அவன் சொல்வது எனக்குத் தெரியும்" என்று பதில் போட்டேன். "சரிக்கா, மன்னிக்கணும்" என்றார் அவர்.

தேடப் போனவர்கள் இடது பாதையில் ஏறினார்கள்.

ஆறு நாள் அந்தக் கணவாயைச் சல்லடை போட்டார்கள். பனி பெய்த நாளிலும் போனார்கள். எங்கிருந்தோ ஒருவர் டிரோன் கொண்டுவந்து பறக்கவிட்டார். அது எடுத்த படங்களைத் துண்டு துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டு என்று குழுவில் பிரித்துக்கொண்டு, அவன் போட்டிருந்த சிவப்பு ஜாக்கெட் தெரிகிறதா என்று கண் வலிக்கப் பார்த்தார்கள். கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்யப் போகிறேன் என்று அழுதேன்.

அம்மாவிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. அங்கே சிக்னல் கிடைக்காது, பத்து நாளாகும் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் தாங்க மாட்டாள் என்பது என் எண்ணம். அவளுக்கு ஒன்றும் புரியாது என்கிற எண்ணமும் அதற்கடியில் இருந்தது. இப்போது அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏழாம் நாள் மதியம் அம்மா நடவிலிருந்து பாதியில் வந்தாள். முழங்கால் வரை சேறு. காணவில்லை என்று குழு பரப்பிய படம் சுற்றிச் சுற்றிக் கழனியில் கூட நின்ற பெண்ணின் போனுக்கே வந்துவிட்டது. வாசலில் நின்றபடியே கத்தினாள்.

"ஊரே என் புள்ளையத் தேடிக்கினு கீது. பெத்தவளுக்கு மட்டும் சொல்ல மாட்டியா? ஏதோ பேசி அனுப்சிருக்கானாமே, போடுடி அத."

போட்டேன். போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். அழுவாள் என்று பார்த்தேன். அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏரி மேல போறேன்றானே, அங்க ஏரி கீதா?"

"ஏரி இல்லம்மா, மலை ஏறி..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னாடி மலை? கழனிக்கு நாம இன்னா வயியா போறோம்? ஏரி மேல போயி, அந்தாண்ட எறங்கிதானே போறோம்? அதத்தான் சொல்றான்."

எங்கள் ஊரில் ஏரிக்கரையில் நடப்பதை ஏரி மேல போவது என்றுதான் சொல்வோம். சின்ன வயதில் நானும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கீது, கீறேன் எல்லாவற்றையும் நாக்கிலிருந்து சுரண்டி எறிந்தபோது அதையும் எறிந்துவிட்டேன். ஏரிக்கரை மீது என்று அவன் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். என் தம்பி எதற்கு என்னிடம் அப்படிப் பேசுவான்?

உடனே குழுவில் எழுதினேன். என் தவறு, அது ஏரி. பெங்களூர்ப் பையன் மேப்பைப் பார்த்தான். வலது பாதையில் அரைமணி நடையில் ஏரி ஒன்று இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வழிகாட்டியும், அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற ஒருவரும் போனார்கள். மதியத்துக்குள் கிடைத்துவிட்டான். கரையில் இருந்த ஒரு பாறைக்கடியில் உட்கார்ந்தபடி இருந்தான். வழுக்கி விழுந்ததில் கால் முறிந்திருந்தது, போனும் உடைந்திருந்தது. துண்டை ஒரு குச்சியில் கட்டிப் பாறை மேல் நட்டு வைத்திருந்தான். கோயம்புத்தூர்ப் பெண் இதை அழுதுகொண்டே சொன்னாள். எப்போது உயிர் போயிருக்கும் என்று கேட்டேன். அவள் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். வகுப்பில் கேட்கிற மாதிரி அதட்டிக் கேட்டேன்.

"டாக்டர் சொல்றதப் பாத்தா... தேட ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் நாலு நாளாச்சும் உசுரோட இருந்திருக்காருங்கக்கா."

நாலு நாள். அந்த நாலு நாளும் எல்லாரையும் நான் மேலே அனுப்பி வைத்திருந்தேன்.

குழுவில் ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. குமரிக்காரர் தனியாக எழுதியிருந்தார். "அந்தக் காத்துல யாருக்கும் பிரிஞ்சு கேட்டிருக்காதுக்கா." நான் குழுவுக்குள் போய் மேலே தள்ளித் தள்ளி அந்த நாளைத் தேடினேன். அவர் தன் கேள்வியை அழித்திருந்தார், மன்னிப்புக் கேட்டதையும் அழித்திருந்தார். நான் தமிழாசிரியை, அவன் என் தம்பி என்கிற என் பதில் மட்டும் அங்கே தனியாக நின்றது. அதை நான் இன்றுவரை அழிக்கவில்லை.

உடலை விமானத்தில் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தோம். அம்மா முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து, சாப்பிடாமல் படுத்திருந்தவள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"எத்தினி நாளு அப்டியே கெடந்தான்?"

"இல்லம்மா, அன்னிக்கே. வுயுந்த ஒடனே. அவனுக்குத் தெரிஞ்சிகூட இருக்காது." எத்தனையோ வருஷம் கழித்து என் வாயில் அந்தப் பேச்சு வந்தது, அதுவும் பொய்யாக வந்தது.

அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப பசியோட கெடக்கல?"

"கெடக்கலம்மா."

அவள் எழுந்து உட்கார்ந்து, கொஞ்சம் கஞ்சி கொடு என்றாள்.

துக்கம் விசாரிக்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். வருகிற எல்லாரிடமும் அம்மா சொல்கிறாள். "வுயுந்த அன்னிக்கே போயிட்டானாம். பசி, தாகம் ஒண்ணும் தெரியாது அவனுக்கு. இவதான் போன்ல அத்தினி பேர வெச்சி தேடிக் கண்டுபுடிச்சா. இவ இல்லன்னா என் புள்ள மொகத்தக்கூட பாத்திருக்க மாட்டேன்." சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.