வெள்ளிக்கிழமைப் பொரி

கல்யாணமான மறுநாள் ஒரு சனிக்கிழமை. கண்டி மஹய்யாவவில் நான் புகுந்த வீட்டின் முன்னறைக்கு முதன்முதலாகத் தனியாக வந்தபோது, அங்கே ஒரு பெண் முழங்கை வரை தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தார். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே ஐந்து தங்க மீன்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஹேவாஹெட்டயில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் மீன் என்றால் கருவாடுதான். நீந்துகிற மீனை அத்தனை கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். தொட்டியின் மூலையில் இருந்த மோட்டாரிலிருந்து கறுப்பாக ஒரு பஞ்சை அந்தப் பெண் உருவி எடுத்தார். "தங்கச்சி, அந்த மஞ்ச பிளாஸ்டிக் பேசின இப்பிடி கொஞ்சம் தள்ளி வைங்க. புதுப் பொண்ணு, சேலையில தெறிச்சிறப் போகுது" என்றார். அவர் என் கணவருடைய அண்ணனின் மனைவி, என் ஓரகத்தி. நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அந்த வீட்டில் என்னோடு பேசிய முதல் ஆள் அவர்தான்.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, கண்டி டவுனில் பலசரக்குக் கடை. மாமி எனக்கு முந்தியே காலமாகிவிட்டார். மூத்த மகன் லொறி ஓட்ட சவூதிக்குப் போன அதே வாரத்தில் மாமா இந்த ஐந்து மீன்களையும் வாங்கி வந்திருக்கிறார். தொட்டியில் விடும்போது, "இதுங்க நல்லா இருக்கிற வரைக்கும் அவனும் அங்க நல்லா இருப்பான்" என்று ஒரு வார்த்தை சொன்னாராம். பிள்ளையைப் பிரிந்த மனசு, ஆறுதலுக்கு ஏதோ சொல்லிக்கொண்டது. ஆனால் அந்த வீட்டில் மாமாவின் வாயிலிருந்து விழுந்த எந்தச் சொல்லும் சும்மா கிடந்ததில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் மீனைத்தான் எண்ணுவார்கள். ஐந்தும் இருந்தால் சிரித்துக்கொண்டே கதிரையில் உட்காருவார்கள். யாருடைய புருஷன் சவூதியில் இருந்தாரோ அந்த அக்காவின் தலையில் ஐந்து மீனின் உயிரும் வந்து விழுந்தது.

அக்கா அதைக் கெட்டிக்காரத்தனமாகவே சுமந்தார். பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு கோப்பை பேசினில் மொண்டு, அதில் மெதுவாகப் பிழிய வேண்டும். குழாய்த் தண்ணீரில் முனிசிபாலிட்டி போடுகிற மருந்து, பஞ்சில் குடியிருக்கிற நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும் என்பார். தொட்டியில் ஊற்றும் தண்ணீரையும் ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைத்த பிறகுதான் ஊற்றுவார், அதுவும் கால்வாசி. தீனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கிள்ளு. அரிசி களைந்து முடிப்பதற்குள் மீன்கள் அதைத் தின்று முடிக்க வேண்டும், மிச்சம் அடியில் விழக் கூடாது. ஒன்று வயிறு ஊதிச் சாய்ந்து மிதந்தால் பட்டாணியை அவித்துத் தோலுரித்து நசுக்கிக் கொடுப்பார். "போதும்னு சொல்லத் தெரியாத ஜென்மம் தங்கச்சி. நாமதான் பாத்துப் போடணும்" என்பார். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் மூன்று மாதத்தில் இரண்டு மீன் செத்து, யாரும் பார்ப்பதற்குள் அதே அளவில், அதே நிறத்தில் டவுனிலிருந்து இரகசியமாக வாங்கிவந்து தொட்டியில் விட்டாராம். அந்தப் பயத்தில் கற்றுக்கொண்டது.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற தொட்டியில்தான் வெள்ளிக்கிழமை தோறும் மாமா பொரி போடுவார். கடையில் பூசை முடிந்ததும் பொரி கடலைப் பொட்டலத்தோடு பகல் சாப்பாட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றியதும் நேரே தொட்டிக்குப் போவார். ஒரு பிடி பொரியை அள்ளி, கண்ணை மூடி, சவூதி எந்தப் பக்கம் இருக்கிறதென்று அவர் நினைத்தாரோ அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுத் தண்ணீரில் தூவுவார். மீன்கள் கொஞ்சம் தின்னும். மீதி ஊறி உப்பிக் கூழாகிப் பஞ்சில் போய் அடைத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதனால் சனிக்கிழமை காலையில் பஞ்சு கழுவியே ஆகவேண்டும், மீன்களுக்கு அன்று பட்டினி. மாமா கடைக்குப் போன பிறகே அக்கா இதையெல்லாம் செய்வார். மாமா பகலில் வந்து தெளிந்த தண்ணீரைப் பார்த்து, "சாமி பிரசாதம்மா, அதான் இதுங்க இப்பிடி பளபளன்னு இருக்கு" என்று பூரிப்பார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியாது. "சொல்லிறலாமே அக்கா" என்று ஒரு தடவை கேட்டேன். "மகனுக்காகப் போடுறாரு. வேணாங்கன்னு எந்த வாயால சொல்றது?" என்றார்.

ஆக, ஒரு சனிக்கிழமைகூட அந்தப் பெண்ணால் வீட்டை விட்டு விலக முடியவில்லை. நாலு வருஷமாகத் தாய்வீட்டில் ஒரு இராத்திரி தங்கியதில்லை. பகலில் கரண்ட் வெட்டு வந்த மாதங்களில் நிலைமை இன்னும் மோசம். மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று ஏறாது. கரண்ட் வரும்வரை தொட்டியின் அருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு ஜக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார். அவர் சோறு தின்னும்போது நான் போய் ஊற்றுவேன். "கை வலிக்குதா தங்கச்சி? விடுங்க, வந்துட்டேன்" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருவார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடிப் பேசிப் பிரயோசனமில்லை.

அந்த வீட்டில் ஒரு வேலையை ஒருத்தி ஒரு தரம் செய்துவிட்டால் அது அவள் தலையில் எழுதின மாதிரி. வந்த புதிதில் மாமாவுக்கு ஒரு நாள் விடிகாலையில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஐந்து மணித் தேத்தண்ணி என்னுடையதாகிவிட்டது. காய்ச்சலில் கிடந்தபோதும் எழுப்பினார்கள். அந்தச் சமயத்தில் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம், காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்ப வேண்டும். "வீட்டு வேலைக்கு ஒரு கொறையும் வராதுன்னா போகட்டும்" என்றார் மாமா. குறை வந்தால் போகக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்கு விளங்கியது. தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் குப்பி விளக்கில் படித்து, பரீட்சை எழுதி வாங்கிய வேலை. யாருக்காகவும் அதை விடுகிற எண்ணம் எனக்கில்லை.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய இரண்டாம் மாதம் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். சனிக்கிழமை எழுந்திருக்க முடியவில்லை. நான் மஞ்சள் பேசினை எடுத்துவந்து, தொட்டித் தண்ணீரை மொண்டு, அவர் செய்வதைப் பார்த்துப் பழகியபடியே பஞ்சைப் பிழிந்து மாட்டினேன். பெரிய வித்தையொன்றுமில்லை. அக்கா கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னையவிட சுத்தமா செய்றீங்களே" என்றார். எனக்கு அந்த ஐந்து மணித் தேத்தண்ணி ஞாபகம் வந்தது. "யாருக்கிட்டயும் சொல்லிறாதீங்க அக்கா" என்றேன். அவர் போர்வையை இழுத்துக்கொண்டு, "சொல்ல மாட்டேன்" என்றார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து அக்காவின் தாய்வீட்டு ஊரான ஹுன்னஸ்கிரியவிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா படுத்த படுக்கை. மகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். "ஒரு பதினஞ்சு நாளைக்கு அனுப்பி வச்சீங்கன்னா புண்ணியமா போகும் மாமா" என்று கையைப் பிசைந்தார். மாமா கெட்டவரில்லை, அவர் முகமும் வாடிவிட்டது. ஆனால் கண் தொட்டிப் பக்கம் போனது. "பெத்த தாயிப்பா, போகத்தான் வேணும். ஆனா இதுங்கள யாரு பாக்குறது? சின்னவளுக்கு அந்தப் பஞ்செல்லாம் கழுவத் தெரியுமா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பதினைந்து நாள் என்பது எனக்கு ஒரு மாதமாக, ஆறு மாதமாகத் தெரிந்தது. மீனுக்கு என்று ஒரு லீவு, கரண்ட் வெட்டுக்கு என்று இன்னொரு லீவு, கடைசியில் "ரெண்டு பொம்பளைங்க இருந்தும் வீட்டுல ஆளில்லையே" என்று ஒரு பேச்சு. எல்லாவற்றையும் அந்தக் கணத்தில் கணக்காகக் கண்டேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க மாமா. ஒன்னு செத்துட்டாலும் பழி எம்மேலதான் வரும், பயமா இருக்கு" என்றேன்.

அக்கா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும், என் பொய் அங்கேயே கிழிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம வாறேன்னு அம்மாகிட்ட சொல்லுங்கண்ணே" என்றார். அவ்வளவுதான். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்வந்தார். காலை பஸ், சாயங்கால பஸ், நடுவில் தாயோடு மூன்று மணி நேரம். நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. அக்கா போய்ச் சேரும்போது வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள். "விடிய வெள்ளனயே அம்மா ஒன்னையக் கேட்டுச்சும்மா" என்று யாரோ சொன்னார்களாம்.

சாவு வீட்டுக்குப் போய்வந்து, மறுநாள் சனிக்கிழமை நான் முன்னறைக்குப் போனேன். மாமா கடை திறக்காமல் வீட்டில் இருந்தார். முந்தின பகல், செய்தி வருவதற்கு முன் அவர் தூவிய பொரி பஞ்சில் அப்பிக்கொண்டிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. மாமாவின் கண் முன்னாலேயே பேசினை வைத்துப் பஞ்சைப் பிழிந்தேன். வெள்ளை வெள்ளையாகக் கூழ் வழிந்தது.

"என்னம்மா இது?" என்றார்.

"நீங்க போடுற பொரிங்க மாமா. இது அடைச்சா மீன் செத்துரும். அக்கா ஒவ்வொரு சனிக்கெழமையும் இதத்தான் கழுவி எடுக்குறாங்க."

அவர் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத யாரும் எனக்குச் சொல்லலியே" என்றார். பிறகு, "ஒனக்குக் கழுவ வருமா?" என்றார். நான் பிழிந்த பஞ்சை மோட்டாரில் மாட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை பொரியைக் கொல்லையில் காக்கைகளுக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். இவ்வளவுதான் விஷயம். நாலு வருஷமாக ஒருத்தியைக் கட்டிப்போட்டிருந்தது, இரண்டு நிமிஷப் பேச்சில் அவிழ்ந்துவிட்டது. நான் பயந்த மாதிரி என் வேலையும் போகவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தை ஒரு மாதத்துக்கு முன்னால் நான் பேசியிருக்கலாம்.

கருமாதி முடிந்து அக்கா திரும்பி வந்தார். பையை வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது, ஐந்தும் நீந்திக்கொண்டிருந்தன. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டுவார், அழுவார், ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். "நல்லா பாத்திருக்கீங்க டீச்சர்" என்றார். அன்றிலிருந்து அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் எல்லோரும் அதை மரியாதை என்றுதான் நினைத்தார்கள். என் கணவருக்குக்கூடப் பெருமை.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவின் கணவர் ஒரு குறையுமில்லாமல் ஊர் திரும்பி, தொப்பையும் மூக்குக்கண்ணாடியுமாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் கட்டுகஸ்தோட்டைக்கு வீடு மாறி வெகு காலமாகிறது. மஹய்யாவ வீட்டு முன்னறையில் இப்போதும் தொட்டி இருக்கிறது, மீன்கள்தான் வேறு. போன மாதம் நான் ஓய்வு பெற்றேன். பிரியாவிடைக் கூட்டத்தில், பிள்ளைகளின் வாழ்வில் விளக்கேற்றியவர் என்றெல்லாம் பேசினார்கள். நான் குனிந்து மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை காலையிலேயே கிளம்பி மஹய்யாவவுக்குப் போனேன்.

அக்கா பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது, முதுகு வளைந்திருக்கிறது. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தையை ஒருவழியாகச் சொன்னேன்.

"அக்கா, இதையெல்லாம் இனி நான் வந்து பாத்துக்கிறேன். நீங்க ஹுன்னஸ்கிரியவுக்குப் போயி ஒரு பதினஞ்சு நாள் நிம்மதியா இருந்துட்டு வாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

"அங்க இப்ப யாரு இருக்கா, டீச்சர்?" என்றார்.