ஒரு யானைக்கு ஒரு கலங்கரை விளக்கம்

சாரணியர் முகாமின் கடைசிக் காலை எங்களுக்குச் சந்தை மாதிரி. முகாமுக்கு ஒன்று என்று கிடைத்த துணிப் பேட்ஜுகளை ஒருத்திக்கொருத்தி மாற்றிக்கொள்ளும் நேரம். கோடியக்கரையில் அன்று வெயில் ஏறுமுன்பே கூடாரங்களைச் சுருட்டிவிட்டோம். கடற்காற்று, மணல், கூச்சல், பேரம்.

எனக்கு வேண்டியது யானை. நீலகிரி முகாமில் கொடுத்தது. பச்சை வட்டத்துக்குள் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மலையே பார்க்காத எனக்கு ஐந்து நாளாக அதன்மேல்தான் கண். வைத்திருந்தவள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பெண். அவள் கேட்டது என் சட்டைக் கையிலிருந்த கலங்கரை விளக்கம், போன வருட நாகப்பட்டினம் முகாமுடையது.

"நானும் அதுக்கு வர இருந்தேன். ஊர்ல கூலித் தகராறு, வாசல்ல போலீஸ் வண்டி. அப்பா விடல."

"எங்கப்பா அப்ப கூலிச் சங்கத்து ஆளுங்களோட ஜெயில்ல. தடுக்க ஆளில்ல, வந்துட்டேன்."

ஒரு கணம் முறைத்துக்கொண்டோம். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

பேரம் முடிந்தது, பேட்ஜைப் பிரிக்கத்தான் முடியவில்லை. மற்ற வீடுகளில் பேருக்கு நாலு நூல் ஓட்டுவார்கள், இழுத்தால் வந்துவிடும். என் அம்மா ரைஸ் மில்லில் சாக்கு தைப்பவள். எதைத் தைத்தாலும் ஒரு மணி சிந்தக் கூடாது அவளுக்கு. இரட்டை நூல், குத்துக்குக் குத்து முடிச்சு. பிளேடு வழுக்கியது.

"உங்கம்மா பேட்ஜ் தைச்சாங்களா, மூட்டை கட்டுனாங்களாடி?"

"பல்லால கடிச்சுப் பாரு."

"கடிச்சாச்சு. பல்லுதான் ஆடுது."

"அங்க என்னடி கும்பல்? திருக்காட்டுப்பள்ளி பஸ் கிளம்புது!" என்று டீச்சர் கத்தினார்.

"சரி விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்று அவள் யானையைப் பைக்குள் போட்டாள். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, யார் அனுப்பப்போகிறார்கள்? தும்பிக்கை உள்ளே போவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். கூடாரக் கயிறு அறுக்கும் கத்தியை எடுத்தேன். சட்டையின் தோள்பட்டையில் செருகினேன். அங்கே இருந்தது தையல்காரர் போட்ட தையல். சர்ரென்று விட்டுக்கொடுத்தது. பேட்ஜோடு முழுக் கையையும் உருவி நீட்டினேன். என்னிடம் இருந்ததே அந்த ஒரு யூனிஃபார்ம்தான்.

"அய்யய்யோ, உங்கம்மா கொன்னுடப் போறாங்க!"

"அது எங்க வீட்டுப் பாடு. நீ யானையக் குடு."

கொடுத்தாள். ஓடினாள். பஸ் உப்பளத்து ஓரமாகத் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டது: அவள் சட்டைக்கு மேலே என் சட்டைக் கையையும் மாட்டிக்கொண்டு, கலங்கரை விளக்கம் தெரிகிற மாதிரி ஆட்டிக்கொண்டே போனாள். நானும் ஆட்டினேன். வெறுந்தோள் வெயிலில் சுரீரென்றது. யானையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.