ஏழுமலை அண்ணன் படகில் என் ட்ராப் பார்

முதுகுவலிக்கு ட்ராப் பார் தூக்கச் சொன்னார்கள். நடுவில் நின்று இரு பக்கமும் பிடித்துத் தூக்கும் அறுகோண இரும்புச் சட்டம் அது. கோட்டைக்குப்பம் ஜிம்மில் ஒன்றே ஒன்று இருந்தது.

இன்று காலை அதைக் காணவில்லை.

தேடிப் போனால், ஏரிக்கரையில் கயிறு கட்டிய நங்கூரமாகச் சேற்றில் கிடக்கிறது. படகு, மீன் பிடிக்கும் ஏழுமலை அண்ணனுடையது.

"இன்னாண்ணே இது, ஜிம்மு சாமானு!"

"நீ இத்த வச்சி இன்னா பண்ணுவ?"

"தூக்குவேன்."

"தூக்கி?"

"கீழ வைப்பேன்."

"எங்க?"

"அதே எடத்துல."

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் வச்சா படகாவது நிக்குது நைனா. சரி, தொழிலுக்குப் போணும், அத்தத் தூக்கி படகு உள்ள போடு."

போட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது.

சட்டம் இப்போது அவர் படகோடு நடு ஏரியில் இருக்கிறது. அவரிடம் நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தைலம் எதுவும் பரிந்துரைக்க வேண்டாம்.